மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான், சுவரில் தொங்கும் சான்றிதழ் வேறொருவருடையது

வாசகர் கேள்வி: மருந்தாளுநர் பதில்

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். வயது 22. அரசுப் பள்ளியில் படித்தவர். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்து நல்ல மதிப்பெண்ணில் தேறியிருக்கிறார். அப்பா லோடு ஏற்றும்போது விழுந்து இடுப்பு அடிபட்டதால் மேற்படிப்பு நின்றுபோனது. மூன்று வருடமாகக் கோரிப்பாளையம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை, மாதம் 9,500 ரூபாய் சம்பளம். கடையில் பார்மசிஸ்ட் ஒருவரின் சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அவர் மாதத்தில் ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். சீட்டு படித்து மருந்து கொடுப்பதெல்லாம் இந்தப் பெண்தான்.

இப்போது மூன்று பேர் மூன்று வழி சொல்கிறார்கள். மதுரையில் ஒரு தனியார் பயிற்சி நிலையம், "ஆறு மாத பார்மசி டெக்னீஷியன் கோர்ஸ், 40,000 ரூபாய், முடித்தால் சொந்தக் கடையே வைக்கலாம்" என்கிறது. கடை முதலாளி, "எதுக்குக் காலேஜ்? அஞ்சு வருசம் ஆனா அனுபவத்துலயே லைசென்ஸ் போட்டுரலாம். இல்லாட்டி வெளிமாநிலத்துல ஒரு இடம் இருக்கு, பரீட்சைக்கு மட்டும் போனா டி.ஃபார்ம் (பார்மசி டிப்ளமோ) வந்துரும். பாதிப் பணம் நான் போடுறேன், சர்டிபிகேட் நம்ம கடையிலயே இருக்கட்டும்" என்கிறார். துபாயில் இருக்கும் அத்தை மகன், அங்கே பார்மசி டெக்னீஷியனுக்கு நல்ல சம்பளம் என்று போனில் சொல்லியிருக்கிறார். வீட்டில் கல்யாணப் பேச்சும் ஓடுகிறது.

கடிதத்தின் கடைசியில் தனியாக நாலு வரி. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பாட்டிக்கு சர்க்கரை நோய் மாத்திரையான கிளிமிப்பிரைடு 1 மில்லிகிராமுக்குப் பதில் 2 மில்லிகிராம் அட்டையைக் கொடுத்துவிட்டாராம். மூன்றாம் நாள் பாட்டி வேர்த்து மயங்கி, பேரன் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தெளிய வைத்திருக்கிறான். "யாரும் என்னைக் கேட்கவில்லை. பாட்டி இப்போதும் கடைக்கு வருகிறார். ஆனால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நான் இந்த வேலைக்கு லாயக்கா அக்கா?"

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைசிப் பத்தியிலிருந்துதான் படித்தேன் என்று சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான் எனக்கு மனதில் ஏறியது. அதனால் பாட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் செய்தது தவறு. அதைக் குறைத்துச் சொன்னால் உங்களுக்கும் பிடிக்காது. கிளிமிப்பிரைடு சர்க்கரையை இறக்கும் மருந்து. வயதானவர்கள் அளவு கூடிச் சாப்பிட்டாலோ, மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாலோ சர்க்கரை கீழே போய்விடும். வேர்வை, கை நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம், மயக்கம் எல்லாம் அதனால் வருபவை. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தெளிந்த பிறகும் அதே நாளில் திரும்ப இறங்கக்கூடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டிய விஷயம் அது.

ஆனால் இந்தத் தவறு உங்கள் ஒருவருடையது இல்லை. ஒரே கம்பெனியின் 1 மில்லிகிராம் அட்டையும் 2 மில்லிகிராம் அட்டையும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கும். பெயர் ஒன்று, எழுத்து ஒன்று, பல நேரம் நிறம்கூட ஒன்றுபோல இருக்கும். வித்தியாசம் ஒரு சின்ன எண். இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நின்ற என் கையும் அப்படித் தவறான டப்பாவுக்குப் போயிருக்கிறது. எங்கள் இடத்தில் எடுப்பவர் ஒருவர், சரிபார்த்துக் கொடுப்பவர் ஒருவர் என்று வைத்திருந்ததால் அது ஜன்னலைத் தாண்டவில்லை. உங்கள் கடையில் அந்த இரண்டாவது ஆள் சுவரில்தான் இருக்கிறார்.

வேலைக்கு லாயக்கா என்று கேட்டீர்கள். இரண்டு மாதம் கழித்தும் தூக்கம் வராமல் இருக்கிறீர்களே, அந்த மனசுள்ளவர்கள்தான் மருந்து மேடைக்கு வேண்டும். இல்லாமல் இருப்பது படிப்பும் சட்டத்தின் அனுமதியும். இரண்டையும் சம்பாதிக்க முடியும்.

"பார்மசி டெக்னீஷியன்" என்பது யார்?

நம் ஊரில் இந்தப் பெயரைக் கேட்டு நிறையப் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். பிரிட்டன், அமெரிக்கா, வளைகுடா நாடுகளில் பார்மசி டெக்னீஷியன் என்று ஒரு வேலை உண்மையாகவே இருக்கிறது. பார்மசிஸ்ட்டின் மேற்பார்வையில் மருந்தை எண்ணி, லேபிள் ஒட்டி, இருப்பு பார்க்கும் வேலை. பிரிட்டனில் அதற்கே தனிப் பதிவு வேண்டும். இந்தியாவில் பார்மசி சட்டம் 1948 அப்படி ஒரு பிரிவை வைக்கவில்லை. இங்கே பதிவு பெற்ற மருந்தாளுநர் இருக்கிறார், அல்லது கடை ஊழியர் இருக்கிறார். நடுவில் யாரும் இல்லை. அந்தச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, டாக்டர் சீட்டுக்கு மருந்து கலப்பதும் கொடுப்பதும் பதிவு பெற்ற மருந்தாளுநர் மட்டுமே செய்யலாம் என்கிறது. மீறினால் தண்டனை உண்டு.

ஆகவே அந்த ஆறு மாதப் படிப்பு முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. பார்மசி அசிஸ்டென்ட் என்ற பெயரில் அரசின் திறன் பயிற்சித் திட்டத்திலேயே குறுகிய காலப் பயிற்சி இருக்கிறது. பில் போடுவது, இருப்பு பார்ப்பது, காலாவதி பார்ப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் அதில் கற்றுக் கொடுப்பார்கள். உங்களுக்கு அவை ஏற்கெனவே கைவந்தவை. அதை முடித்தவர் பெயரை மருந்தாளுநர்களைப் பதியும் எந்த பார்மசி கவுன்சிலும் பதிவேட்டில் ஏற்றாது, அந்தச் சான்றிதழைக் காட்டிக் கடை உரிமமும் வாங்க முடியாது. "சொந்தக் கடை வைக்கலாம்" என்ற ஒரு வாக்கியத்துக்குத்தான் உங்களிடம் 40,000 கேட்கிறார்கள். வேண்டாம்.

அனுபவத்தால் லைசென்ஸ் வருமா?

உங்கள் முதலாளி இதை வேண்டுமென்று திரித்துச் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. பழைய கம்பவுண்டர்கள் காலத்துப் பேச்சு இது. 1948 சட்டம் வந்தபோது, அதற்கு முன் ஆஸ்பத்திரியிலோ டிஸ்பென்சரியிலோ ஐந்து வருடம் மருந்து கலந்து பழகியவர்களை முதல் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வாசல் அந்தத் தலைமுறையோடு மூடிவிட்டது. ஆனால் "அஞ்சு வருசம்" என்ற கணக்கு மட்டும் கடைத்தெருவில் இன்னும் உலவுகிறது.

இன்னொரு குழப்பமும் இதில் கலந்திருக்கிறது. மொத்த வியாபாரத்துக்கான உரிமத்தில் அனுபவத்துக்கு இடம் உண்டு. பத்தாம் வகுப்பு தேறி நான்கு வருடம் மருந்து விற்பனையில் இருந்தவர், அல்லது பட்டம் பெற்று ஒரு வருடம் இருந்தவர், மொத்தக் கடையின் பொறுப்பாளராக இருக்கலாம். அந்தக் கடை சில்லறைக் கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சரக்குப் போடும். சீட்டோடு வரும் நோயாளிக்கு ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது. நீங்கள் ஆசைப்படுவது அந்த வேலைக்கு இல்லை என்று கடிதத்திலிருந்து புரிகிறது. ஒருவேளை மனசு மாறினால் அது நேர்மையான வழிதான், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வெளிமாநிலச் சான்றிதழ்

இதில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. டி.ஃபார்ம் தபால் வழியில் படிக்க முடியாத படிப்பு. வகுப்பு, ஆய்வகம், வருகைப் பதிவு எல்லாம் கட்டாயம். சான்றிதழைத் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதியப் போனால், தேர்வு நடத்திய இடத்தைக் கேட்டு உண்மை பார்ப்பார்கள். போலி என்று தெரிந்தால் பதிவு மறுப்பதோடு முடியாது. போலி ஆவணத்தை உண்மையானது போலப் பயன்படுத்தியது குற்ற வழக்கு ஆகும். வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். பாதிப் பணம் போட்ட முதலாளி உங்களைக் காப்பாற்ற முடியாது.

சரி, மாட்டவே இல்லை என்று வையுங்கள். அப்போது உங்கள் பெயர் அவர் கடைச் சுவரில் தொங்கும். இன்னொரு இருபது வயதுப் பெண் அதன் கீழே நின்று இன்னொரு பாட்டிக்கு மருந்து கொடுப்பாள். பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஆள் வராமல் இருக்கும் மருந்தாளுநரின் பதிவை நீக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு இருக்கிறது. பாதிப் பணத்துக்கு முதலாளி கேட்கும் விலை உங்கள் பதிவு, அதுவும் நீங்கள் அதைப் பெறுவதற்கு முன்பே.

நேர்வழி: டி.ஃபார்ம்

நீங்கள் கவனிக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணக்கு படித்தவர்கள்தான் டி.ஃபார்ம் சேரலாம். வணிகவியல் படித்துவிட்டு, இப்போது வழியில்லையே என்று அழும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். உங்களுக்குத் தகுதி வீட்டுப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. நீட் தேவையில்லை.

இரண்டு வருடப் படிப்பு. முதல் வருடம் மருந்து தயாரிப்பு, மருந்து வேதியியல், மூலிகை மருந்துகள், உடற்கூறு, சமூக மருந்தியல். இரண்டாம் வருடம் எந்த மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறது, நோய்க்கு ஏற்ற சிகிச்சை, கடையும் ஆஸ்பத்திரி மருந்தகமும் நடத்துவது, சட்டம். அதன்பின் 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி, மூன்று மாதத்துக்குக் குறையாமல். உங்கள் மூன்று வருடக் கடை வேலையை இந்த 500 மணியில் கழிக்க முடியாது. வருத்தம்தான். ஆனால் வகுப்பில் முதல் நாளே மற்றவர்களைவிட நீங்கள் எவ்வளவு முன்னால் நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பதிவுக்கு முன் ஒரு வெளியேறும் தேர்வு என்று 2022இல் விதி வந்திருக்கிறது. மூன்று தாள், ஒவ்வொன்றிலும் பாதி மதிப்பெண் எடுக்க வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். சேரும் இடத்தில் உங்கள் ஆண்டு மாணவர்களுக்கு அது எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு விண்ணப்பம் வாங்குகிறது. பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் இடம். அரசு இடத்துக்கே முதலில் முயலுங்கள், கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். தனியார் கல்லூரி என்றால், இந்திய பார்மசி கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, அந்த ஆண்டு மூன்றும் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வாசலில் மாட்டிய பலகையை நம்பாதீர்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறார்கள். அதையும், உங்கள் வகுப்பினருக்கான கல்வி உதவித்தொகையையும் சேரும்போதே அலுவலகத்தில் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து சொல்வதில்லை.

இங்கிலீஷ் பயம்

தேர்வு இங்கிலீஷில்தான். ஆனால் உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நீங்கள் எழுதியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பெயர் படிக்கிறீர்கள்? டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் என்று "சார்ட்டான்" எனப் பெயர் முடிந்தால் ரத்த அழுத்தம். பான்ட்டோபிரசோல், ஒமிபிரசோல் என்று "பிரசோல்" வந்தால் வயிற்று அமிலம். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்றால் கொழுப்பு. அட்டெனலால், மெட்டோபுரோலால் என்று "லால்" வந்தால் இதயத் துடிப்பைக் குறைப்பது. இந்த வால்களை நீங்கள் கவனித்திருப்பீர்கள், பெயர் வைக்காமல் இருந்திருப்பீர்கள். புத்தகம் அதைத்தான் வரிசைப்படுத்துகிறது. இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பிராண்டு பெயருக்குப் பக்கத்தில் அட்டையின் பின்புறம் இருக்கும் மூலப் பெயரை எழுதத் தொடங்குங்கள். கல்லூரி திறப்பதற்குள் பாதி மருந்தியல் முடிந்திருக்கும்.

மொழியைவிட எனக்குக் கவலை கணக்குதான். ஒரு சின்னக் கணக்கு. பத்துக் கிலோ குழந்தைக்கு டாக்டர் பாராசிட்டமால் 150 மில்லிகிராம் எழுதியிருக்கிறார். ஐந்து மில்லியில் 125 இருக்கும் சிரப் என்றால் 6 மில்லி ஊற்ற வேண்டும். ஐந்து மில்லியில் 250 இருக்கும் சிரப் என்றால் 3 மில்லி போதும். ஒரு மில்லியில் 100 இருக்கும் சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லிதான். தாய் வந்து, "போன தடவை ஆறு மில்லி குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுச் சொட்டு மருந்தை வாங்கிப் போனால், குழந்தைக்கு நான்கு மடங்கு போகும். பாட்டில் கைமாறும்போது, எந்த பாட்டில், எத்தனை மில்லி என்று கேட்டு, மூடியிலோ ஊசிக்குழாயிலோ பேனாவால் கோடு போட்டுக் காட்டிக் கொடுக்கிற பத்து விநாடிதான் இந்தத் தொழில். அதற்குத்தான் இரண்டு வருடம்.

அதோடு சேர்ந்தவை இன்னும் சில. இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. மதுரை வெயிலில் பஸ்ஸில் உசிலம்பட்டி வரை கொண்டுபோகிறவருக்கு அதை எப்படிக் கட்டிக் கொடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். ட்ரமடால், அல்ப்ரசோலம், செஃபிக்ஸிம் போன்ற, சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாத எச்1 பட்டியல் மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு போட்டு, டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். எழுத்து புரியாவிட்டால் டாக்டருக்குப் போன் போடக் கூச்சப்படக் கூடாது. யூகித்துக் கொடுப்பவர்தான் ஆபத்தானவர்.

துபாய், அப்புறம் வீடு

அத்தை மகன் சொன்னது தப்பில்லை. ஆனால் அங்கே போக முதலில் இங்கே பதிவு வேண்டும், படிப்புச் சான்றுகளை நேரடியாகக் கல்லூரியிலேயே சரிபார்ப்பார்கள், பிறகு அந்த நாட்டின் உரிமத் தேர்வு. ஆறு மாதச் சான்றிதழோ காசு கொடுத்து வாங்கிய டி.ஃபார்மோ அந்தச் சல்லடையில் நிற்காது. நேராகப் படித்தால் வழிகள் தானாகத் திறக்கும். அரசு ஆஸ்பத்திரி மருந்தாளுநர் பணிக்கு டி.ஃபார்ம் படித்தவர்களையும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கிறது. பெரியாஸ்பத்திரி ஜன்னலுக்கு உள்ளே நிற்கும் அந்த நாற்காலி உங்களுக்கும் எட்டும். 2025 பிப்ரவரியில் 1,000 கடைகளோடு தொடங்கிய, தமிழ்நாடு அரசின் மலிவு விலை மருந்துக்கடைகளான முதல்வர் மருந்தகங்களையும் பி.ஃபார்ம் (பார்மசி பட்டம்), டி.ஃபார்ம் முடித்தவர்கள் மானியத்தோடு நடத்துகிறார்கள். மேலே படிக்க ஆசை வந்தால் பி.ஃபார்மில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம்.

கல்யாணத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டு வருடத்தைத் தாருங்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். 9,500 ரூபாய் நின்றுபோகும் என்பதுதான் வீட்டின் உண்மையான பயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் பில் போடுகிற, சரக்கு அடுக்குகிற வேலை மட்டும் பார்த்தால் எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கணக்கோடு பேசும் பெண்ணின் பேச்சு வீட்டில் எடுபடும்.

பிளஸ் டூ படிக்கும் தங்கை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவளுக்கு வேறொரு கதவும் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை கிராமத்துப் பெண்களைப் பிளஸ் டூ முடித்த கையோடு எடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு வருடம் கண் மருத்துவ உதவியாளர் பயிற்சி தருகிறது. அவளிடம் சொல்லுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

முதலாளியிடம் உட்கார்ந்து பேசுங்கள். பார்மசிஸ்ட் இருக்கும் நேரத்தில் மட்டும் சீட்டு மருந்து, மற்ற நேரம் நான் இருப்பும் பில்லும் பார்க்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், வேறு கடையோ, ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பார்மசிஸ்ட்டின் கீழே உதவியாளர் வேலையோ தேடுங்கள். அது கிடைக்காத ஊர் இல்லை மதுரை. நீங்கள் இருக்கும்வரை ஒன்றைச் செய்யுங்கள்: ஒரே பெயரில் இரண்டு அளவு உள்ள மருந்துகளைத் தனித்தனித் தட்டுக்கு மாற்றி, டப்பாவின் முகப்பில் எண்ணைச் சிவப்பு ஸ்கெட்சில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பள்ளியில் போய் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் நகலெடுத்து வையுங்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்தால், அறிவிப்பு வரும் நேரத்தில் ஓட வேண்டியிருக்காது.

அப்புறம் பாட்டி. அவர் அடுத்து வரும்போது, வீட்டில் மிச்சம் இருக்கும் அட்டைகளையும் டாக்டர் சீட்டையும் பேரனோடு எடுத்துவரச் சொல்லுங்கள். 2 மில்லிகிராம் இருந்தால் திரும்ப வாங்கிக்கொண்டு சரியானதைக் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். நடந்ததைப் பேரனிடம் நேராகச் சொல்லி, டாக்டரிடமும் சொல்லச் சொல்லுங்கள். அன்று மயங்கியதை அவர் தெரிந்துகொண்டால்தான் பாட்டிக்கு இனி எவ்வளவு மருந்து என்று சரியாக முடிவு செய்வார். அவர்கள் கோபப்படலாம். பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும், வேர்த்து நடுங்கினால் உடனே சர்க்கரை கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதையும், பாட்டிக்குப் புரிகிற தமிழில் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.